புது ஹெட்போன் வாங்கும் முன்: புளூடூத் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே புளூடூத் ஹெட்போனைக் கம்ப்யூட்டரோடு சேர்ப்பது பற்றியவை. பலர் கடைசி வரியில் ‘வேறு ஹெட்போன் வாங்கிவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள். கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எதிலும் ஹெட்போன் மேல் குற்றம் இல்லை.

போனில் உடனே சேர்ந்துவிடுகிறது. லேப்டாப்பில் தேடினால் ஹெட்போன் பெயரே வருவதில்லை. லேப்டாப்பில் கோளாறா? (கல்லூரி மாணவி, தர்மபுரி)

போனில் உடனே சேர்ந்துவிடுகிறதே, சிக்கலே அதுதான். ஆன் செய்ததும் ஹெட்போன் முதலில் தேடுவது கடைசியாகப் பழகிய கருவியை. போன் பக்கத்தில் இருந்தால் ஒன்றிரண்டு நொடியில் அதோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு லேப்டாப் எவ்வளவு தேடினாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆன் செய்வது வேறு, பேரிங் நிலைக்கு, அதாவது புதிய கருவியோடு சேரத் தயாராகும் நிலைக்குக் கொண்டுபோவது வேறு.

முதலில் போனில் புளூடூத்தை அணையுங்கள். வீட்டில் வேறு போனிலோ டிவியிலோ இதே ஹெட்போன் பழகியிருந்தால் அங்கேயும் அணையுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் விசையையும் ‘ஐ’ விசையையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11 என்றால் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, அதில் ‘ஆட் டிவைஸ்’, அதில் ‘புளூடூத்’. விண்டோஸ் 10 என்றால் ‘டிவைசஸ்’ பகுதியில் ‘ஆட் புளூடூத் ஆர் அதர் டிவைஸ்’. இந்தத் திரையைத் திறந்து வைத்துவிட்டு ஹெட்போனை எடுங்கள். பேரிங் நிலை சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்காது, அதனால்தான் இந்த வரிசை.

ஹெட்போனை ஆஃப் செய்து, பவர் பட்டனை விடாமல் 5 முதல் 7 நொடி அழுத்துங்கள். ஆன் ஆன சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் நடக்கிறது. சத்தம் வந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருங்கள். விளக்கு நீலத்தில் மட்டும் மெதுவாக மின்னினால் இன்னும் பேரிங் வரவில்லை. சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சடசடவென்று மின்னினால் வந்துவிட்டது. சில மாடல்களில் வெள்ளை விளக்கு வேகமாக மின்னும். இயர்பட்ஸாக இருந்தால் இரண்டையும் டப்பாவிலேயே வைத்து, மூடியைத் திறந்தபடி, டப்பாவில் உள்ள பட்டனை 3 முதல் 5 நொடி அழுத்த வேண்டும். பழைய ஹெட்செட் பின் நம்பர் கேட்டால் பெரும்பாலும் 0000.

இவ்வளவுக்குப் பிறகும் விண்டோஸ் 11-இல் பெயர் வரவில்லையென்றால், ‘டிவைசஸ்’ பக்கத்தின் அடியில் ‘புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி’ என்று ஒன்று இருக்கும். அதை ‘டீஃபால்ட்’ நிலையிலிருந்து ‘அட்வான்ஸ்டு’ நிலைக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள். அதிகம் அறியப்படாத பிராண்டுகள் சில அப்போதுதான் தெரியும்.

பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆபீஸ் மீட்டிங் தொடங்கியதும் பழைய ரேடியோ மாதிரி கரகரவென்று ஆகிவிடுகிறது. (வீட்டிலிருந்து வேலை செய்பவர், ஓசூர்)

பெங்களூரு கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் ஓசூரில் நிறைய. அவர்களுக்கெல்லாம் உதவும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புளூடூத்தில் ஒலி போவதற்கு இரண்டு பாதைகள். பாட்டுக்கான பாதையின் பெயர் ஏ2டிபி. ஸ்டீரியோ, தரம் நன்றாக இருக்கும், ஆனால் ஒருவழி. லேப்டாப்பிலிருந்து காதுக்கு மட்டும்தான் ஒலி வரும். ஹெட்போனின் மைக் வேலை செய்ய வேண்டுமென்றால் எச்எஃப்பி என்ற இருவழிப் பாதைக்கு மாறியாக வேண்டும். அது போன் பேசுவதற்காக வகுத்தது. இடது வலது பிரிவு கிடையாது. ஒலியை நொடிக்கு 8,000 முறை, சற்று மேம்பட்ட வகையில் 16,000 முறை மட்டுமே மாதிரி எடுக்கும். ஆடியோ சிடியில் இது 44,100. மீட்டிங் செயலி மைக்கைத் திறந்த அந்த நொடியே பாதை மாறுகிறது. உங்கள் காதுக்குத் தெரிவது அந்த மாற்றம்தான். ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து வேறு ஹெட்போன் வாங்கினாலும் இதே பாதையில்தான் ஓடும்.

தீர்வுக்குச் செலவே இல்லை. மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கராக ஹெட்போனையும் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரியும்: ‘ஸ்டீரியோ’ என்று ஒன்று, ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஏஜி ஆடியோ’ என்று ஒன்று. ஸ்டீரியோ உள்ளதை எடுங்கள். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது. அதனால் அதில் மைக்கை மாற்றுவதுதான் முக்கியம்; செயலியில் மட்டுமல்லாமல் ‘சவுண்ட்’ செட்டிங்கில் உள்ள ‘இன்புட்’ பகுதியிலும் மாற்றிவிடுங்கள்.

அப்படியும் பாதை தானாக மாறினால், ‘மோர் டிவைசஸ் அண்ட் பிரிண்டர் செட்டிங்ஸ்’ வழியாகப் போய், ஹெட்போன் படத்தில் வலது கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘சர்வீசஸ்’, அதில் ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிபோனி’ டிக்கை எடுத்துவிடலாம். ஹெட்போன் மைக் அந்த லேப்டாப்பில் முழுதாகச் செத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தெருச் சத்தம் அதிகமாக இருந்து ஹெட்போன் மைக்தான் வேண்டும் என்பவர்கள், சொல்லுவது புரிந்தால் போதும் என்று எச்எஃப்பி தரத்தோடு சமாதானமாகப் போகலாம். இல்லையென்றால் 3.5 மில்லிமீட்டர் பின் வைத்த ஒயர் ஹெட்செட். எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் மைக் ஓடும்போதே ஸ்டீரியோ கிடைக்கும். ஆனால் லேப்டாப், அதன் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்), ஹெட்போன் மூன்றும் அதை ஆதரிக்க வேண்டும். வாங்கும்போது பெட்டியில் ‘புளூடூத் 5.3’ என்று இருப்பதைப் பார்த்து எல்இ ஆடியோ உண்டு என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெயரே தனியாக அச்சிட்டிருக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் உள்ள டெஸ்க்டாப்பில் புளூடூத் பட்டனே இல்லை. என்ன வாங்கலாம்? (ஊத்தங்கரை)

வாங்கும் முன் சிபியு பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி துளைகளுக்கு அருகே, சுண்டுவிரல் நுனி அளவில், மரை போட்ட இரண்டு பித்தளைக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மதர்போர்டில் வைஃபையும் புளூடூத்தும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் திருகும் ஆன்டெனா பெட்டியோடு வந்திருக்கும். அசெம்பிள் செய்தவர் மாட்டாமல் விட்டிருப்பார். ஆன்டெனா இல்லாமல் ஓரிரு அடிக்கு மேல் சிக்னல் தாங்காது. அதைத் திருகிவிட்டு, மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புளூடூத் டிரைவரை ஏற்றினால் வேலை முடிந்தது.

குமிழ்கள் இல்லையென்றால் யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன அடாப்டர், அதாவது யுஎஸ்பி புளூடூத் டாங்கிள். 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைப்பது போதும். விண்டோஸ் 10, 11-க்கான டிரைவரைத் தன் தளத்தில் கொடுக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே உள்ளே ஒரு புளூடூத் இருந்து அது பழுதென்றால், விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் அதை ‘டிஸேபிள்’ செய்த பிறகே டாங்கிளைச் செருகுங்கள். விண்டோஸ் ஒரே சமயத்தில் ஒரு புளூடூத்தைத்தான் கையாளும்.

எங்கே செருகுவது என்பதும் முக்கியம். உள்ளே நீல நிறம் தெரியும் துளை பொதுவாக யுஎஸ்பி 3.0, அதில் பென்டிரைவோ ஹார்டுடிஸ்கோ ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். இதை 2012-லேயே இன்டெல் அளந்து வெளியிட்டிருக்கிறது. புளூடூத் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான். கறுப்புத் துளையில் செருகுங்கள், முன்பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. பின்னால்தான் இடம் என்றால் ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்துவிடுங்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த டாங்கிள் மேசைக்கு வந்தாலே ஒலி விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

கனெக்டட் என்று காட்டுகிறது, சத்தம் மட்டும் லேப்டாப் ஸ்பீக்கரிலேயே வருகிறது. (அரூர்)

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் குறியைத் தொட்டு, வெளியீட்டுப் பட்டியலில் ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் விண்டோஸ், கண்ட்ரோல், ‘வி’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நேராக அந்தப் பட்டியல் வரும். ‘பேர்டு’ என்று மட்டும் இருந்தால் அறிமுகம் ஆகியிருக்கிறது, இணையவில்லை என்று அர்த்தம். ‘கனெக்ட்’ அழுத்த வேண்டும்.

ஹாலில் ரௌட்டர், அறையில் நான். வீடியோ டவுன்லோடு ஆகும்போதெல்லாம் பாட்டு விட்டுவிட்டு வருகிறது. (பென்னாகரம்)

டவுன்லோடு ஆகும்போது மட்டும் என்று கவனித்துச் சொன்னது நல்லது. காரணம் அதிலேயே இருக்கிறது. லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சின்ன கார்டில், பெரும்பாலும் ஒரே ஆன்டெனாவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் வைஃபை மும்முரமாகும்போது புளூடூத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. பாட்டுக்கான புளூடூத் 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1,600 முறை வரை தாவி நெரிசலைத் தவிர்க்கப் பார்க்கும். இருந்தாலும் ஓர் எல்லை உண்டு.

லேப்டாப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வைஃபை பட்டியலில் உங்கள் பெயரின் பின்னால் ‘5ஜி’ என்று இருப்பது அதுதான். அதற்கும் செல்போன் 5ஜி-க்கும் சம்பந்தமில்லை. ஒரே பெயர்தான் தெரிகிறது என்றால் ரௌட்டர் செட்டிங்கில் இரண்டையும் பிரித்துத் தனிப் பெயர் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் உள்ள கருங்கல் சுவருக்குப் பின்னால் அது எட்டாமல் போகலாம். அப்படியென்றால் ரௌட்டரிலிருந்து லேன் கேபிளை இழுத்துவிடுங்கள், வைஃபையே தேவைப்படாது.

நம் உடம்பும் ஒரு சுவர்தான். உடம்பில் உள்ள நீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். லேப்டாப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் விட்டுப்போவதும், திரும்பினால் சரியாவதும் அதனால்தான்.

நேற்று வரை இருந்த புளூடூத் பட்டன் இன்று லேப்டாப்பில் காணவில்லை. கரண்ட் இல்லாமல் சார்ஜ் தீர்ந்து அணைந்ததிலிருந்து இப்படி. (பர்கூர்)

புளூடூத் சிப் உள்ளே சிக்கி நிற்கிறது. லேப்டாப்பை மூடித் திறப்பதிலும், சாதாரணமாக ஷட்டவுன் செய்வதிலும் அதற்குப் போகும் மின்சாரம் முழுமையாக நிற்பதில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ஷட்டவுன்’ கொடுங்கள். சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும். பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் கழித்து சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். டெஸ்க்டாப்பாக இருந்தால் மின்கம்பியையே சுவரிலிருந்து எடுத்துவிட்டு இதே வேலை.

பட்டன் திரும்ப வரவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் ‘வியூ’ மெனுவிலிருந்து ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ எடுத்து, புளூடூத் பிரிவில் மங்கலாகத் தெரியும் அடாப்டரை ‘அன்இன்ஸ்டால்’ செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து மாடல் எண் போட்டு எடுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருளை ஏற்றவே வேண்டாம்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) இருக்கின்றன. டாங்கிள் போட்டிருக்கிறேன். ஒன்றில் சேர்த்தால் மற்றதில் போய்விடுகிறது. (பாலக்கோடு)

சேர்க்கும்போது ஹெட்போனும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. ஹெட்போனைப் பொறுத்தவரை டாங்கிளின் முகவரிதான் அடையாளம். விண்டோஸா லினக்ஸா என்று அதற்குத் தெரியாது. லினக்ஸில் புதிதாகச் சேர்த்ததும் பழைய சாவியின் மேல் புதியதை எழுதிவிடுகிறது. விண்டோஸிடம் இருப்பது செல்லாத சாவி ஆகிவிடும். லினக்ஸ் பழகியவர்கள் ஒன்றின் சாவியை எடுத்து மற்றதில் பதிவது உண்டு. எளிய வழி, இரண்டாவதாக ஒரு டாங்கிள் வாங்கி விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது. முகவரி வேறாகிவிடுவதால் இரண்டு சாவியும் நிலைக்கும்.

இயர்பட்ஸில் வலது மட்டும் கேட்கிறது. (காவேரிப்பட்டினம்)

டப்பாவின் குழிக்குள் ஊசிமுனை போல இரண்டு பொன்னிறப் புள்ளிகள் தெரியும். பட்ஸின் அடியிலும் அவற்றுக்கு இணை உண்டு. வியர்வையும் காதழுக்கும் அங்கே படிந்தால் சார்ஜ் ஏறாது. உலர்ந்த பஞ்சுக் குச்சியால், தேவைப்பட்டால் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். இடது பட்ஸை வைத்ததும் அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஒரு மணி நேரம் சார்ஜில் விடுங்கள். பிறகு லேப்டாப்பிலும் போனிலும் ‘ரிமூவ்’ கொடுத்து, டப்பா பட்டனை 10 நொடிக்கு மேல் அழுத்தி ரீசெட் செய்து புதிதாகச் சேருங்கள். விளக்கே எரியவில்லையென்றால் அந்த ஒரு பட்ஸ் பழுது. வாரண்டி இருந்தால் பில்லோடு போங்கள். முடிந்திருந்தால் ஒற்றை பட்ஸ் தனியாகக் கிடைக்குமா என்று அந்தக் கம்பெனியிடமே கேளுங்கள், சிலர் தருகிறார்கள்.