ஜெலிக்குள் 16 அங்குலம் போனால் ஆளுக்குள்ளும் அப்படித்தானா?

கேள்வி: அண்ணை, அமெரிக்காவில் இருக்கிற மச்சான் ஒரு காணொளி அனுப்பினார். தற்காப்புக்கென்று விற்கிற 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கிச் சன்னம் ஒன்று கண்ணாடி மாதிரித் தெளிந்த ஜெலிக்குள் 16 அங்குலம் போய் நிற்கிறது. ஆளுக்குள்ளும் அவ்வளவு தூரம் போகுமா? பின்வளவில் குழி வெட்டும்போது பழைய ரவைகள் நாலைந்து கிடைத்தன, அவற்றிலும் ஏதாவது படிக்கலாமா?
- உயர்தர பௌதிக மாணவன், கோண்டாவில்

பதில்: அப்படிக் கணக்குப் போட முடியாது தம்பி. உடம்பில் எலும்பு, தோல், காற்று நிறைந்த நுரையீரல், ஈரல் எல்லாம் இருக்கின்றன, சன்னம் எதில் படுகிறதோ அதற்கேற்ப அதன் போக்கு மாறும். ஜெலி எங்கே சுட்டாலும் ஒரே சீர். ஒரு சன்னத்தை இன்னொன்றோடு ஒப்பிட அது ஒரு அடிமட்டம், அவ்வளவுதான்.

அந்த அடிமட்டம் சரியாக இருக்கவும் வேண்டும். முறையான சோதனை ஜெலிக்கு நிறைப்படி ஒரு பங்கு ஜெலற்றினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வெப்பநிலை 4 பாகை செல்சியஸ். மார்ட்டின் ஃபாக்லர் என்ற அமெரிக்க இராணுவச் சத்திரசிகிச்சை நிபுணர் பன்றித் தசையோடு ஒப்பிட்டுப் பார்த்து நிலைநாட்டிய அளவு இது. சோதனைக்கு முன் 4.5 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு ஒன்றைச் செக்கனுக்கு ஏறத்தாழ 180 மீற்றர் வேகத்தில் சுடுவார்கள், அது 8.5 சென்ரிமீற்றர் அளவில் நிற்க வேண்டும், ஒரு சென்ரிமீற்றர் முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் தவறினால் அந்தக் கட்டியில் எடுத்த எண்களை நம்ப முடியாது. வீட்டில் கடற்பாசியில் செய்த ஜெலி மேசையில் கிடந்தாலும் அப்படியே நிற்கும், ஜெலற்றின் ஜெலியோ மத்தியான வெக்கையில் தளர்ந்துவிடும், பார்த்திருப்பீர்கள். தளர்ந்த ஜெலிக்குள் சன்னம் ஆழமாகத்தான் போகும். மச்சான் அனுப்பியது தெளிந்த ஜெலி என்கிறீர்கள், அப்படியானால் அது பெரும்பாலும் எண்ணெயில் செய்த செயற்கை ஜெலிதான், குளிரூட்டத் தேவையில்லை என்பதால் காணொளி எடுப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் அதில் வந்த 16 அங்குலத்தை ஜெலற்றினில் எடுத்த எண்ணோடு சேர்த்துப் பேசக்கூடாது.

சரி, சன்னம் ஜெலற்றினுக்குள் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் ஆட்களுக்கும் கொள்ளையர் இருவருக்கும் நடந்த சண்டையில் ஒரு 9 மில்லிமீற்றர் சன்னம் கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய் இதயத்துக்குக் கிட்ட நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டான். எஃப்பிஐ ஆட்கள் இரண்டு பேர் அன்று செத்தார்கள். அதனால்தான் எஃப்பிஐக்காரர், கை குறுக்கே வந்தாலும் உள்ளே எட்ட வேண்டும் என்று 12 அங்குலத்தைக் கீழ் எல்லையாக வைத்தார்கள், ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்பவரில் படக்கூடாது என்று 18ஐ மேல் எல்லையாக வைத்தார்கள்.

வெறும் ஜெலியில் மட்டும் சுட்டுப் பார்த்தாலும் போதாது. முனை குழிந்த சன்னம் உடம்பின் ஈரத்தில் பூப்போல விரிய வேண்டும், ஆனால் குழிக்குள் துணி அடைத்துக்கொண்டால் விரியாமலே நீளத்துக்குப் போய்விடும். அதனால் டெனிம் உட்பட நான்கு அடுக்குத் துணி போட்டும் சுடுகிறார்கள், ஒட்டுப்பலகை, காரின் கண்ணாடி, தகடு ஊடாகவும் சுடுகிறார்கள்.

காணொளியில் ஜெலி பலூன் மாதிரி ஊதுகிறதே, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கைத்துப்பாக்கி வேகத்தில், அதாவது செக்கனுக்கு 300, 400 மீற்றரில், தசை பெரும்பாலும் இழுபட்டுத் திரும்பிவிடும், நிலைத்து நிற்பது சன்னம் நசித்துப்போன வழிதான். எங்கள் ஊரில் சூடு பட்டவர்களில் நீங்கள் கண்ட பெருங்காயங்களை இதோடு சேர்க்காதீர்கள், ரைபிளின் வேகம் இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதற்கும் மேலும் இருக்கும், ஷெல் துண்டு வேறு கதை.

அப்புறம் அந்த ரவைகள். தயவுசெய்து தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் திரும்பக் கொண்டுபோய்ப் போடவும் வேண்டாம். அந்த மண்ணில் வேறு என்ன கிடக்கிறதோ தெரியாது, குழி வெட்டுவதை நிறுத்துங்கள், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், இன்றைக்கே 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.