60 நாள் முடிந்தால் தானாக ஜாமீன் கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. நண்பர்கள் இருவரோடு சேர்ந்து செல்போன் பறித்ததாக வழக்கு. ஜூன் 2-ம் தேதி ரிமாண்ட் செய்தார்கள். ஜாமீன் மனு ஒருமுறை தள்ளுபடி ஆகிவிட்டது. “60 நாள் போனால் தானாக விட்டுவிடுவார்கள், வக்கீலுக்கு எதற்கு மேலும் செலவு?” என்கிறார் என் அண்ணன். ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதி அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நத்தம்

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி உட்கார்ந்துவிட்டால் பையன் இன்னும் பல வாரம் உள்ளேயே கிடக்க நேரிடும்.

பறிப்புக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை 3 ஆண்டு. இப்படிப்பட்ட வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை (சார்ஜ் ஷீட்) தாக்கல் செய்யவில்லை என்றால், கேட்கிறவருக்கு ஜாமீன் கொடுத்தே ஆகவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ம் பிரிவு இது. முன்பு மனு தள்ளுபடி ஆனதோ, கூட்டாளி இன்னும் சிக்கவில்லை என்பதோ இதற்குத் தடையே இல்லை. கோர்ட்டில் இதை ‘ஸ்டாச்சுட்டரி பெயில்’ என்போம்.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் கேட்காமல் இருந்து, 63-ம் நாள் போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டுவிட்டால் அந்த உரிமை அதோடு போயிற்று. சிறையில் இருக்கும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு நாள் எண்ண ஆளில்லை என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

சரி, எண்ணிவிடுவோம். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூன் 2 முதல் நாள் என்றால் ஜூலை 31-ம் தேதி 60-ம் நாள். அன்று வரை சார்ஜ் ஷீட் வரவில்லையா, ஆகஸ்ட் 1 காலை கோர்ட் திறந்ததும் ரிமாண்ட் செய்த அதே நடுவர் மன்றத்தில் மனு போட்டாக வேண்டும். தாக்கல் செய்த தேதியும் நேரமும் மனுவில் பதிவாகட்டும். சென்னையில் ஒரு போதைப்பொருள் வழக்கில் காலையில் மனு போட்டார்கள். மாலைக்குள் அரசுத் தரப்பு கூடுதல் புகாரைத் தாக்கல் செய்துவிட்டது; அந்த வழக்கில் சார்ஜ் ஷீட் இடத்தில் இருந்தது அந்தப் புகார்தான். மனு முந்திவிட்டதால் ஜாமீன் உரிமை நிற்கும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சில மணி நேரம்தான் வழக்கையே தீர்மானித்தது.

பணம் கட்டினால்தான் விடுவோம் என்று நிபந்தனை போட்டாலும் கலங்காதீர்கள். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இதே வகை ஜாமீனுக்கு 8 லட்சம் ரூபாய் டெபாசிட் கேட்டதை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

வக்கீல் செலவு பாரமாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

அந்த வாக்குமூலத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது. அவன் சொல்லித்தான் போன் கிடைத்தது என்று காட்டினால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக உள்ளே வரும். போனை எங்கிருந்து, யார் முன்னிலையில் எடுத்ததாக மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் பதிவில்) எழுதியிருக்கிறது என்பதை உங்கள் வக்கீல் பார்க்கட்டும்.

அப்புறம், உத்தரவு வந்த பிறகு ஜாமீன்தாரருக்கு அலையாதீர்கள். பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள். இப்போதே ஆள் பேசி, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதைத் தயாராக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.