10 கி.மீ. ஓட்டத்தில் வேகத்தை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி: எனக்கு வயது 42. சென்னையில் இருக்கிறேன். பயிற்சியில் 10 கி.மீ. தூரத்தை 60 நிமிடத்தில் ஓடிவிடுகிறேன். போட்டியில் 64 நிமிடம் ஆகிறது. சென்ற முறை முதல் கிலோமீட்டரை 5:15-இல் (5 நிமிடம் 15 விநாடி) ஓடினேன். ஆறாவதில் விலாவில் பிடித்துக்கொண்டது. முடித்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த முறை மெதுவாகத் தொடங்கி, கடைசியில் வேகம் கூட்டலாமா? ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் 50 மி.கி. சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு வந்தது.

மருத்துவர் பதில்: திட்டம் சரியானது. மற்றவர்களைவிட உங்களுக்கு இது இன்னும் பொருத்தம். காரணம் நீங்கள் சாப்பிடும் மாத்திரை.

ஓடத் தொடங்கியதும் தசை கேட்கும் ஆக்சிஜன் உடனே வந்து சேராது. இதயமும் நுரையீரலும் அந்த அளவை எட்ட இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசை தன் கையிருப்பைக் கரைத்தும், ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரித்தும் சமாளிக்கிறது. அப்போது வேகம் அதிகமென்று தெரியவே தெரியாது. கூட்டமும் பரபரப்பும் வேறு இழுத்துக்கொண்டு போகும். தசையில் அமிலத்தன்மை ஏறி, மூச்சு வாங்கி, கால் கனக்கத் தொடங்கும்போது நான்கைந்து நிமிடம் போயிருக்கும். முதல் கிலோமீட்டரில் நீங்கள் மிச்சம் பிடித்தது 45 விநாடி. பின்னால் அதைப் பல மடங்காகத் திருப்பிக் கட்டினீர்கள். மெட்டோபிரோலால் இதயத் துடிப்பு ஏறுவதை மட்டுப்படுத்துவதால், வேகமான தொடக்கம் உங்களை இன்னும் சீக்கிரம் வீழ்த்தும்.

அதே காரணத்தால் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மண்டலங்களை (துடிப்பை வைத்து உழைப்பின் அளவைப் பிரிக்கும் படிகள்) நம்பாதீர்கள். அதிகபட்சத் துடிப்புக்கான '220 கழித்தல் வயது' என்ற கணக்கு பொதுவாகவே ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சுத்தமாகப் பொருந்தாது. துடிப்பு 140-ஐத் தாண்டவில்லை, இன்னும் தெம்பிருக்கிறது என்று நினைத்து வேகம் கூட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கு அளவுகோல் மூச்சுதான். முதல் 2 கி.மீ. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நடுவில் நாலைந்து சொல் வந்தால் போதும். கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் பேச்சு வராது, அது இயல்பு.

60 நிமிட இலக்குக்குக் கணக்கு இப்படி: முதல் கிலோமீட்டர் 6:15, இரண்டாவது 6:05. மூன்றிலிருந்து எட்டு வரை ஒரே சீராக 6:00. ஒன்பதாவது 5:55, பத்தாவது 5:45. கூட்டிப் பார்த்தால் சரியாக 60:00 வரும். முதல் கிலோமீட்டரில் பலர் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். இந்தத் திட்டம் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எட்டாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது மூச்சு ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேகம் கூட்ட வேண்டாம், 6:00-ஐக் காப்பாற்றினாலே போதும்.

கடிகாரத்தில் அந்த நொடி வேகத்தைப் பார்க்காதீர்கள். மேம்பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அது தாறுமாறாகக் குதிக்கும். 'லேப் பேஸ்' (அந்தக் கிலோமீட்டரின் சராசரி வேகம்) வைத்துக்கொண்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகை வரும்போது கையால் லேப் பொத்தானை அழுத்துங்கள்.

இதைப் போட்டியன்று முதல்முறையாகச் செய்யாதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பிருந்து, வாரம் ஒரு நாள் 6 கி.மீ.: முதல் இரண்டு 6:15, அடுத்த இரண்டு 6:00, கடைசி இரண்டு 5:50. ஏ.சி. அறையில் டிரெட்மில்லில் ஓடிப் பார்த்த வேகத்தைச் சென்னைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். புழுக்கமான காலையில் வியர்வை ஆவியாகாமல் உடம்பு சூடேறும். அப்படிப்பட்ட நாளில் கிலோமீட்டருக்கு 10, 15 விநாடி விட்டுக்கொடுத்தே தொடங்குங்கள்.

விலாப் பிடிப்புக்கு நிறைந்த வயிறும் இனிப்புப் பானமும் முக்கியக் காரணங்கள். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம் போதும். பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்தி, ஆழமாக மூச்சை இழுத்து நிதானமாக விடுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஜெல் (ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) தேவையில்லை. தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள். வலி வராமலிருக்க முன்கூட்டியே டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வியர்த்து நீர் வற்றிய நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கண் இருட்டியது, ஓடி முடித்து சட்டென்று நின்றதால் இருக்கலாம். ஓடும்போது கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நின்றதும் ரத்தம் காலிலேயே தேங்கி அழுத்தம் இறங்கிவிடும். முடித்த பிறகு பத்து நிமிடமாவது நடங்கள். தலை சுற்றினால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வருவது வேறு சங்கதி. அதுவோ, நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, ஒழுங்கற்ற படபடப்போ, எது வந்தாலும் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கடைசி வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ரத்த அழுத்தம், அப்பாவின் மாரடைப்பு இரண்டும் இருப்பதால், இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தத்தில் கொழுப்பு, சர்க்கரை பார்த்து, இதய மருத்துவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் (ஓடவிட்டு இ.சி.ஜி. பார்ப்பது) செய்த பிறகே கடைசி 2 கி.மீ. வேகத்தை முயலுங்கள். அதுவரை முழுத் தூரமும் பேசக்கூடிய வேகத்திலேயே ஓடுங்கள். பரிசோதனைக்கு முன் மெட்டோபிரோலால் சாப்பிடுவதா, நிறுத்துவதா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையோடு செய்தால் துடிப்பு வேண்டிய அளவு ஏறாமல் முடிவு தெளிவில்லாமல் போகலாம். ரத்த அழுத்தத்துக்கு மட்டும்தான் அது தரப்பட்டது என்றால், ஓடுபவருக்கு ஏற்ற வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். போட்டிக்காக நீங்களாக ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள்: திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் எகிறும்.