டைனோசருக்குப் பதிலாக ஒரு ராட்சதப் பல்லி வேட்டையாடித் திரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

கேட்டவர் கதை எழுதுகிறவராகவோ படம் வரைகிறவராகவோ இருக்க வேண்டும். வேறு யாருக்கு இந்தக் கவலை? நான் மும்பையில் அனிமேஷன் வேலை பார்க்கிறேன். படித்தது பி.காம். விலங்கியல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

நாலு வருடம் முன்பு அந்தேரியில் நான் இருந்த சின்ன ஸ்டுடியோவுக்கு ஒரு மொபைல் கேம் வேலை வந்தது. உலகம் பார்த்திராத ஆதிகாலப் பல்லி ஒன்று வேண்டும், பார்த்ததும் வயிறு கலங்க வேண்டும் என்றார்கள். ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் கில்பர்ட் ஹில் இருக்கிறது. சுற்றிலும் கட்டடம் முளைத்து மறைத்துவிட்டாலும், 6.6 கோடி வருடம் பழைய எரிமலைப் பாறை அது. தூண் தூணாக நிற்கும், உச்சியில் காவ்தேவி கோயில். டைனோசர் அழிந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். இந்தியா அப்போது ஆசியாவோடு முட்டாமல் தனித் தீவாகக் கிடந்தது. அங்கேயே எனக்குக் கதை கிடைத்துவிட்டது: டைனோசர் போன பிறகு, அந்தத் தீவில் பாலூட்டிகளுக்கு முன் உடும்பு முந்திக்கொண்டால்?

அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் மெகலேனியா என்ற பெரிய உடும்பு நிஜமாகவே இருந்தது. அதற்கு 1859இல் பெயர் வைத்த ரிச்சர்ட் ஓவன்தான் 1842இல் ‘டைனோசர்’ என்ற பெயரையும் வைத்தவர். ‘பயங்கரப் பல்லி’ என்று அர்த்தம். ஆனால் டைனோசர் பல்லியே இல்லை. அதன் கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண் மாதிரி நிற்கும். பல்லிக்குக் கால்கள் பக்கவாட்டில் விரியும். ஓடும்போது உடம்பு இப்படியும் அப்படியும் வளைந்து நுரையீரலை நசுக்கும். பல்லி ஓடிக்கொண்டே சரியாக மூச்சு விட முடியாது.

உடும்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சின்ன வயதில் லீவுக்கு நாங்குநேரி பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது ஒரு உடும்பைத் துரத்தினேன். ஓடி, வேலிக்கடியில் நின்று, தொண்டையைப் புஸ்புஸ்ஸென்று ஊதியது. கோபம் என்று நினைத்துப் பின்வாங்கினேன். “லேய், அது மூச்சு வாங்குதுலே” என்றார் தாத்தா. தொண்டையைத் துருத்தியாக வைத்துக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது என்று பிறகுதான் படித்தேன்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆறு மீட்டர் நீளம், பாறை நிறம், அசையாமல் கிடக்கும். துரத்தாது. இரை பத்தடிக்குள் வந்தால் ஒரே பாய்ச்சல், அப்புறம் உடும்புப் பிடி. கொமோடோ உடும்பு ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்னும். என்னுடையதும் தின்றுவிட்டு நாள்கணக்கில் வெயிலில் கிடக்கும். பாயப்போகிறது என்பதற்கு ஒரே அடையாளம் தொண்டை அசைவுதான். விளையாடுகிறவன் அதைக் கவனித்தால் பிழைப்பான். மூன்று வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்தேன்.

கிளையன்ட் பார்த்துவிட்டு, “தூங்குதா?” என்றார். இரண்டு காலில் நிற்க வேண்டுமாம், ஓட வேண்டுமாம், கர்ஜிக்க வேண்டுமாம். உடும்பு சீறும் சார், கர்ஜிக்காது என்றேன். டீம் லீட் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

அதே மாதம்தான் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். புரோக்கர் முதல் கேள்வியே, “சௌத் இந்தியன்னா வெஜ்தானே?” நெத்திலி சமைப்போம் என்று உண்மையைச் சொல்லி மூன்று வீடு போனது. தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான், இந்த ஊரில் வீடு பிடிக்க இன்னும் மீனை மறைக்க வேண்டும். இதற்கும் பல்லிக்கும் சம்பந்தமில்லை, தெரியும். இரண்டு எரிச்சலும் ஒன்றாகவே ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் விஷயம். அதற்கு என்ன முடியும் என்பதை விட்டு, எது முடியாது என்பதில் தொடங்குங்கள். மூச்சு வாங்கும், குளிர்ந்தால் மந்தமாகும், அதனால் காத்திருக்கும். இதையெல்லாம் உங்கள் எடிட்டர் வெட்டினால் என்ன செய்வது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நாக்கையாவது பிளந்து வையுங்கள், உடும்பு வாசனை பிடிப்பது அதை வைத்துத்தான். நானும் வைத்திருந்தேன். பாம்பு மாதிரி இருக்கிறது என்று ஒட்டவைக்கச் சொல்லிவிட்டார்கள்.