சாதாரணக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பவர் ஆரம்பகாலப் பிரபஞ்சத்தை ஆராய முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். "அதெல்லாம் பெரிய இன்ஸ்டிட்யூட்டில் படிக்கிறவர்கள் வேலை" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள்.

ஐரோப்பாவின் பிளாங்க் தொலைநோக்கி 2009 மே மாதம் ஏவப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்று, பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளியை வானம் முழுக்க அளந்தது. அந்த ஒளியில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்குதான். பிற்பாடு கேலக்ஸிகள் முளைத்தது அதிலிருந்துதான். அந்த வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பிளாங்க் பல அலைவரிசைகளில் அளந்ததில், நான் 143 கிகாஹெர்ட்ஸ் வரைபடத்தை எடுத்தேன். 5 கோடிப் புள்ளிகள். என் லேப்டாப்பின் 4 ஜிபி ரேமுக்குத் தாங்கவில்லை, அப்படியே நின்றுவிட்டது. 31 லட்சம் புள்ளிகளாகச் சுருக்கி, ஹீல்பை என்ற பைத்தான் தொகுப்பில் ஓட்டினேன். வானத்தில் எந்தக் கோண அளவில் வேறுபாடு எவ்வளவு என்று ஒரு கோடாக வரைந்து பார்க்கத்தான். இடது ஓரத்தில் கோடு எகிறி நின்றது, மற்றதெல்லாம் அலங்கோலம். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: நம் பால்வீதியின் தூசியை மறைக்காமல் விட்டிருக்கிறேன். அந்தப் பகுதியை மறைக்கும் மாஸ்க் போட்டு மறுபடி ஓட்டினேன். விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எல் மதிப்பு (கோண அளவைக் குறிக்கும் எண்; எல் கூடக்கூடக் கோணம் சிறிதாகும்) 220-க்குப் பக்கத்தில் கோடு மேடாக எழுந்து இறங்கியது. வானத்தில் அது சுமார் ஒரு டிகிரி, இரண்டு முழுநிலவின் அகலம். அணுக்கள் உருவாகும் முன்பு, கொதிக்கும் பிளாஸ்மாவில் ஒலியலை எட்டிய தூரத்தின் தடம். புத்தகத்தில் பார்த்த அந்த மேடு, நான் எழுதிய முப்பது வரியிலிருந்து வந்தது. கண் கலங்கிவிட்டது.

"பிளாங்க் குழு எப்போதோ செய்ததுதானே?" என்று சிலர் கேட்பார்கள். புதுக் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவே இல்லை. தரவைக் கையாளத் தெரியாமல் அடுத்த கேள்விக்கு எப்படிப் போவது?

இதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். அதன் வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் "கருவி எங்கேம்மா?" என்று கேட்டார். படத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்க ஓரம் சரியில்லை என்று ப்ராஜெக்ட் அறிக்கையின் நான்கு பிரதியையும் திரும்ப பைண்டிங் செய்யச் சொன்னார்கள், தங்க எழுத்தோடு. என் ஒரு மாத மெஸ் காசு அதில் போனது. மாணவர்களை ஏன் இப்படிச் செலவழிக்க வைக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, நீங்கள் சுருக்கிய வரைபடத்தில் தொடங்குங்கள். மாஸ்க்கையும் அப்போதே இறக்கிவிடுங்கள். எங்கேயாவது சிக்கினால் கமெண்ட்டில் கேளுங்கள், அந்த முப்பது வரி இன்னும் என்னிடம் இருக்கிறது.