தாய்வழியும் தாய்மாமனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுமத்ரா பயணம் பற்றிய உங்கள் கட்டுரையில், மினாங்கபாவ் மக்களிடம் ‘பெண்ணாட்சி’ நிலவுகிறது என்றும், வடக்கே தோபா ஏரியைச் சுற்றி வாழும் பத்தாக் மக்கள் அதற்கு நேர்மாறான தந்தைவழிச் சமூகம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே மலைத்தொடரில் வாழும் இருவர் இப்படி எதிரெதிராக அமைந்ததற்கு நிலம்தான் காரணமா? பத்தாக்குகளில் ஒரு பிரிவினர் சோழர் வழிவந்தவர்கள் என்றும் படித்தேன். அது உண்மையா?

வி.

அன்புள்ள வி.,

‘பெண்ணாட்சி’ என்று எழுதியது என் பிழை. பயணத்தின் வேகத்தில் கைக்கு வந்த சொல் அது. மினாங்கபாவ் மக்களிடம் இருப்பது தாய்வழி உரிமை. குலமும் வீடும் பூர்வீக வயலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. ஆனால் ஊர் மன்றத்தில் அமர்ந்து பேசுபவர்களும், குலத்தலைவர்களாகப் பட்டம் ஏற்பவர்களும் ஆண்களே. அந்த ஆண்கள் கணவர்களாகவோ தந்தையராகவோ அங்கே அமர்வதில்லை, தாய்மாமன்களாக அமர்கிறார்கள். நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அவர்களுடைய ‘ருமா காடாங்’ என்னும் பெரிய வீட்டின் அமைப்பே இதைக் காட்டிவிடும். எருமைக்கொம்புபோல இருபுறமும் வளைந்து எழும் கூரையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே, பின்சுவரை ஒட்டி வரிசையாக இருக்கும் சிறிய அறைகளை. அவை அந்த வீட்டின் மணமான பெண்களுக்கு உரியவை. மரபுப்படி கணவன் இரவில் அந்த அறைக்கு வந்து, விடிந்ததும் தன் தாய்வீட்டு வயலுக்குப் போய்விடுவான். மனைவியின் வீட்டில் அவன் நிலை ‘அடிக்கட்டை மேல் படிந்த சாம்பல்’ என்பது அவர்களுடைய பழமொழி. வளர்ந்த பையன்களுக்கும் அங்கே அறை கிடையாது. அவர்கள் உறங்கியது தொழுகைக்கும் ஓதுதலுக்கும் உரிய ‘சுராவ்’ கட்டடத்தில். இளைஞர்கள் பிழைப்பும் கல்வியும் தேடி வெளியூர் செல்லும் ‘மெரந்தாவ்’ வழக்கம் இவ்வளவு வலுவாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஹத்தா, ஷாரிர், தான் மலாக்கா என இந்தோனேசிய விடுதலை இயக்கத்துக்கு இச்சிறு பகுதி அளித்த பெயர்கள் வியப்பூட்டுபவை.

பூர்வீகச் சொத்தை அடகு வைப்பதற்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் நான்கே: வீட்டின் நடுவே சவம் கிடக்க வேண்டும், அல்லது வயது வந்த பெண் மணமாகாமல் இருக்க வேண்டும், அல்லது பெரிய வீட்டின் கூரை ஒழுக வேண்டும், அல்லது குலத்தலைவருக்குப் பட்டம் கட்ட வேண்டும். இஸ்லாமியச் சட்டம் தாமே ஈட்டிய சொத்துக்குப் பொருந்துகிறது, பூர்வீகச் சொத்து பழைய வழக்கத்திலேயே நிற்கிறது.

இனி பத்தாக். குலப்பெயர் தந்தையிடமிருந்து வருகிறது என்பது சரிதான். ஆனால் அவர்களின் சமூக அமைப்புக்குப் பெயரே ‘தாலிஹான் நா தோலு’, அதாவது மூன்று அடுப்புக்கற்கள். பெண் கொடுத்தவர்கள், தன் குலத்தார், பெண் எடுத்தவர்கள் என்னும் மூன்று கற்களில் ஒன்று விலகினாலும் பானை சரியும். இம்மூவரில் மேலிடம் பெண் கொடுத்தவர்களுக்கே. நம் ஊர்த் திருமணங்களில் சம்பந்தி மரியாதைக்காக நடக்கும் சண்டைகளைப் பார்த்த கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். ‘உலோஸ்’ என்னும் நெய்த போர்வையைப் பெண் வீட்டார்தான் மணமக்களைச் சேர்த்துப் போர்த்துகிறார்கள். பெண் எடுத்தவர்கள் அதைத் திருப்பிப் போர்த்த முடியாது, பணமும் இறைச்சியுமே பதிலாகத் தருகிறார்கள். விருந்தில் அடுப்படி வேலையும் அவர்கள் தலையில்தான்.

தாய்மாமன் மகளே முறைப்பெண். அத்தை மகளை மணப்பது தோபா பத்தாக்குகளிடம் விலக்கு, ஏனெனில் பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் உள்ள வரிசை அதனால் கலைந்துவிடும். ஒருவன் தாய்மாமன் மகளை விட்டு வேறு பெண்ணை மணந்தால், பரிசப் பணத்தில் ஒரு பங்கு அந்தத் தாய்மாமனுக்குச் சேர வேண்டும். இதை ‘திந்தின் மராங்குப்’ என்கிறார்கள். ஆகவே நேரெதிர் என்று நான் எழுதிய இரு சமூகங்களிலும், ஒரு மனிதனின் வாழ்வில் கனமான ஆள் தாயின் சகோதரன்தான்.

நிலம் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளத்தில், 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது தோபா ஏரி. தெற்கே மராபி எரிமலையின் சரிவுகளில் மினாங்கபாவ் வயல்கள். இரண்டு இடங்களிலும் எரிமலை மண், இரண்டு இடங்களிலும் நீர் தேக்கிய நெல்வயல். அதே மண்ணும் அதே பயிரும் ஓரிடத்தில் மகளுக்கும் மற்றோரிடத்தில் மகனுக்கும் போகும்போது, நிலத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியவில்லை.

சோழர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் துறைமுகத்தை ஒட்டிய லோபு துவாவில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பத்தாக்குகளின் ஒரு பிரிவினரான கரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி என்னும் கிளைகள் இருக்கின்றன. இவர்களில் சிலர் ஒரு காலத்தில் இறந்தோரை எரித்து, சாம்பலைச் சிறு படகுகளில் வைத்து லாவ் பியாங் ஆற்றில் விட்டார்கள். தென்னிந்திய வணிகர்களின் தொடர்பு இருந்தது என்று கொள்ள இவை போதும். அரச மரபு என்று கொள்ளப் போதாது. கரோ மலைநாட்டில் முன்பின் அறியாத இருவர் சந்தித்தால் முதலில் தந்தையின் குலத்தைக் கேட்டுக்கொள்வார்கள். ‘சோலியா’ என்று பதில் வந்ததும் நமக்கு இராசேந்திரன் நினைவுக்கு வருகிறான். அவர்களோ அடுத்ததாகத் தாயின் குலம் எது என்று கேட்கிறார்கள்.