பனிக்கட்டிக்குக் கம்பளி போர்த்தலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, பனிக்கட்டியை உருகாமல் காக்கும் பெட்டி செய்யச் சொன்னேன். கம்பளித் துணி சுற்றிய குழுவின் கட்டியே கடைசி வரை நின்றது. அலுமினியத் தாள் சுற்றியது வெகு முன்பே கரைந்துவிட்டது. “கம்பளி சூடு தருமே, டீச்சர்?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?
– அறிவியல் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: விளக்கத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். அதே கம்பளிக்குள் ஒரு வெப்பமானியைச் சுற்றி, அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகளையே அளவைப் படிக்கச் சொல்லுங்கள். அறையின் வெப்பநிலையைத்தான் அது காட்டும். கம்பளி தானாக எதையும் சூடாக்குவதில்லை என்பதையும், நம் உடற்சூட்டை வெளியே விடாத அதே இயல்பே வெளிச்சூட்டையும் பனிக்கட்டியை எளிதில் அடைய விடுவதில்லை என்பதையும் அதன் பிறகு சொன்னால் மனத்தில் தங்கும்.

தடுப்பது உண்மையில் கம்பளி இழைகளுக்கிடையே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. தெர்மகோல், உமி, மரத்தூள் ஆகியவற்றின் சூட்சுமமும் அதுவே. 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்டு, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி, மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது மரத்தூளின் தயவால்தான். அசையாத காற்றைவிட அலுமினியம் ஏறத்தாழ 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதன் பளபளப்பு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவது உண்மையே. ஆனால் அதற்குப் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி வேண்டும். பெட்டிச் சுவருக்கும் கட்டிக்கும் நடுவே நெருக்கி வைத்த தாள், வெப்பம் கடந்து செல்லும் வெறும் உலோகமாகிவிடுகிறது.

எந்தக் கட்டி முதலில் கரைந்தது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், 20 நிமிடம் கழித்து உருகிய நீரை அளவுகுவளையில் அளக்கச் சொல்லுங்கள். 0 டிகிரியில் உள்ள 1 கிராம் பனிக்கட்டி உருகச் சுமார் 334 ஜூல் வெப்பம் தேவை. ஆகவே 20 மில்லிலிட்டர் நீர் சேர்ந்திருந்தால், ஏறத்தாழ 6,700 ஜூல் உள்ளே நுழைந்திருக்கிறது என்று மாணவர்களே கணக்கிடுவார்கள். கட்டிகள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதும், உருகத் தொடங்கிய பிறகே பெட்டிக்குள் வைப்பதும் முக்கியம்.

அமெரிக்க நடுநிலை வகுப்புகளுக்காக உருவாக்கப்பட்ட ‘பென்குவின்களைக் காப்போம்’ என்ற பாடத்திட்டத்தில், பென்குவின் வடிவப் பனிக்கட்டிக்கு மாணவர்கள் வீடு கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன், குளிர்ந்த சோடா டப்பாக்களைக் கம்பளிக் காலுறை, அலுமினியத் தாள் போன்றவற்றால் சுற்றி, எது குளிர்ச்சியைக் காக்கும் என்று ஊகித்துச் சோதிக்கிறார்கள். கட்டிச் சோதித்த பிறகு, திருத்திக் கட்ட மறுவாய்ப்பும் உண்டு. நம் பள்ளிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மறுவாய்ப்புதான்; கண்காட்சி முடிந்ததும் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. இரண்டாம் முறை ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லி, வென்ற பெட்டிக்கு அல்ல, அந்த மாற்றத்துக்கு எழுதிய காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.

அந்தச் சோதனையை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் குழுவினர் தாளைப் பெட்டியின் வெளிப்புறத்தில், பளபளப்பு வெயிலை நோக்கி இருக்குமாறு ஒட்டி வரட்டும்.